கரணைக்குள் இருக்கும் கணக்கு: மிருதங்கத்தின் ஒலியியல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலையும் அறிவியலும் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்விக்குப் பொதுவான பதில்கள் நிறைய உண்டு. அவற்றைவிட, ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்து ஆராய்ந்தால் கூடுதலாகத் தெரியவரும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் உள்ள, கரணை எனப்படும் கறுப்பு வட்டம் அப்படிப்பட்ட ஒரு பொருள். வாசிப்பவர்கள், கற்பவர்கள், இயற்பியல் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

தோல் கருவிக்குச் சுருதி சேர்ப்பதில் அப்படி என்ன அதிசயம்? வீணைக்கும்தானே சேர்க்கிறோம்?

வீணைத் தந்தியை மீட்டினால் ஒரு அடிப்படை அதிர்வெண் எழும். கூடவே அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண் மடங்குகளில் மேற்சுரங்கள் எழும். இந்த முழு எண் உறவு இருப்பதால்தான் காது அத்தனையையும் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கிறது. தந்திக்கு இது இயற்கையாகவே அமைந்துவிடுகிறது.

வட்டமாக இழுத்துக் கட்டிய தோலுக்கு அப்படி அமைவதில்லை. அதன் அடிப்படை அதிர்வை 1 என்று வைத்தால், அடுத்தடுத்த அதிர்வுகள் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92, 3.16, 3.50, 3.60 என்று போகும். இந்த வரிசையில் ஒரு முழு எண் கூட இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை அதிர்வுகள் ஒரே நேரத்தில் ஒலித்தால் "தொம்" என்றோ "டப்" என்றோ ஒரு சத்தம் கேட்கும். அதோடு சேர்ந்து யாரும் பாட முடியாது. உலகத்தின் பெரும்பாலான மேளங்கள் தாளத்துக்கு மட்டும் பயன்படுவது இதனால்தான்.

மிருதங்கத்தின் வலந்தலையில் இதே அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்று வந்து நிற்கின்றன. தோல் தந்தியைப் போல ஒலிக்கிறது. கேட்க வேண்டிய அதிசயம் இதுதான்.

இதை முதலில் அறிவியல் முறையில் காட்டியவர் யார்?

சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மிருதங்கம், தபலா இரண்டிலும் முதல் ஐந்து அதிர்வுகள் ஒத்திசையாக, அதாவது முழு எண் மடங்குகளில் அமைந்திருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். பிறகு 1934-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில், மணல் தூவி எடுத்த படங்களுடன் இதை விரிவாக எழுதினார். அந்தக் கழகம் தொடங்கியதும் அதே 1934-இல்தான், தொடங்கியவரும் அவர்தான். நோபல் பரிசு பெற்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் மேளத் தோலுக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஒளிச்சிதறலுக்குப் பெயர் பெற்றவர் என்பதால் அவருடைய இசைக்கருவி ஆய்வுகளை ஒரு பொழுதுபோக்கு போலப் பேசுகிறார்கள். அது சரியல்ல. வயலின், வீணை, தம்புரா என்று பல ஆண்டுகள் அவர் தீவிரமாக உழைத்த துறை இது.

"முதல் ஐந்து" என்கிறீர்கள். மேலே எட்டு ஒன்பது எண்கள் இருக்கின்றனவே?

இந்தக் கேள்விக்குள்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. மேலே உள்ளவை மொத்தம் ஒன்பது அதிர்வு முறைகள். கரணை போட்ட பிறகு அவை ஐந்து இடங்களில் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன.

தோல் அதிரும்போது அதில் அசையாத கோடுகள் உண்டு. சில விட்டக் கோடுகள், சில வட்டக் கோடுகள். இவற்றைக் கணுக்கோடுகள் என்பார்கள். ஒவ்வொரு அதிர்வு முறையையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். முதல் எண் விட்டக் கோடுகள் எத்தனை என்பது. இரண்டாவது எண் வட்டக் கோடுகள் எத்தனை என்பது. தோலின் ஓரமும் அந்தக் கணக்கில் சேரும். முழுத் தோலும் ஒன்றாக மேலும் கீழும் போவது (0,1). நடுவே ஒரு விட்டக் கோடு அசையாமல் நிற்க, ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போவது (1,1).

கரணை போட்ட வலந்தலையில் இவை சேரும் விதம்:

முதல் சுரம்: (0,1)
இரண்டாவது: (1,1)
மூன்றாவது: (2,1), (0,2)
நான்காவது: (3,1), (1,2)
ஐந்தாவது: (4,1), (2,2), (0,3)

வெறும் தோலில் (2,1) 2.14-இலும் (0,2) 2.30-இலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே 7 சதவீதத்துக்கு மேல் இடைவெளி. ஏறத்தாழ ஒரு சுரத்தானத்துக்கும் அதிகம். கரணை இந்த இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தையும் சரியாக 3-இல் நிறுத்துகிறது.

கரணை இதை எப்படிச் செய்கிறது?

எடையால்தான். ஒரு பொருளில் எடை கூடினால் அதன் அதிர்வெண் குறையும். ஆனால் எல்லா அதிர்வும் ஒரே அளவில் குறைவதில்லை. எடை வைத்த இடம் எந்த அதிர்வில் அதிகமாக அசைகிறதோ, அந்த அதிர்வு அதிகமாகக் குறையும். கரணை நடுவில் இருக்கிறது. ஆகவே நடுப்பகுதியை ஆட்டும் அதிர்வுகள்தான் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரணை இல்லாத தோலின் அடிப்படை அதிர்வு 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் (1,1) சுமார் 319-இலும், (2,1) 427-இலும், (0,2) 459-இலும், (3,1) 531-இலும், (4,1) 631-இலும் இருக்கும். கரணை போட்டபின் அடிப்படை 120-க்கு இறங்கியது என்றால், மற்றவை 240, 360, 360, 480, 600 என்று நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். (0,1) 40 சதவீதம். (1,1) 25. (2,1) 16. (3,1) 10. (4,1) வெறும் 5. விட்டக் கோடுகள் கூடக் கூட அசைவு ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது; நடுப்பகுதி கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. அதனால் கரணையின் எடை அவற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் (0,2) அப்படியல்ல. அதில் நடுப்பகுதி பலமாக அசைகிறது. அது 22 சதவீதம் இறங்கி, 16 மட்டுமே இறங்கிய (2,1)-உடன் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

ஆக, அடிப்படை அதிர்வைத் தாழ்த்துவதன் மூலம் மற்றவற்றுக்கு நடுவே இடம் உண்டாக்குகிறது கரணை. எடை, அகலம், நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் விதம் ஆகிய மூன்றும் ஒருங்கே சரியாக அமைந்தால்தான் ஒன்பதும் ஐந்தாகக் கூடும். ஐந்துக்கு மேற்பட்ட அதிர்வுகளை, ஓரத்தைச் சுற்றி வளையமாக உள்ள மீட்டு என்னும் மேல்தோல் பெருமளவு அடக்கிவிடுகிறது. அவை ஒத்திசையில் இல்லாவிட்டாலும் காதுக்கு வந்து தொந்தரவு செய்வதில்லை.

கரணை எதனால் ஆனது? எப்படிப் போடுகிறார்கள்?

இரும்புச் சத்து மிகுந்த கருமையான சிட்டக்கல்லின் பொடியும் குழைய வடித்த சோறும்தான். கல்லை இடித்து, அரைத்து, துணியில் சலித்து மாவு போல ஆக்குகிறார்கள். சோற்றை நன்றாக மசித்து, அதில் இந்தப் பொடியைச் சேர்த்துப் பிசைகிறார்கள். சோறு பசை, கல் எடை.

முதலில் தோலின் நடுப்பகுதியைச் சுரண்டிச் சற்றுச் சொரசொரப்பாக்கி, வெறும் சோற்றுப் பசையைத் தடவுவார்கள். பிறகு கறுப்பு மாவைச் சிறிய உருண்டையாகக் கிள்ளியெடுத்து, கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகப் பரப்புவார்கள். விட்டம் பொதுவாக இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம். பரப்பிய உடனே வழவழப்பான கல்லால் தேய்க்கத் தொடங்குவார்கள். ஈரம் போய் மேற்பரப்பு மின்னும் வரை இந்தத் தேய்ப்பு ஓயாது. அதன்மேல் அடுத்த பூச்சு, மறுபடி தேய்ப்பு. மேலே போகப்போக வட்டம் சிறிதாகும். அதனால் நடு உயர்ந்து, ஓரம் தோலோடு தோலாகக் கரைந்துவிடும். சில பூச்சுகளுக்கு ஒருமுறை தட்டிக் கேட்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும்.

இதில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. முந்தைய பூச்சு காயுமுன் அடுத்ததை வைத்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, சில வாரங்களில் பாளமாக உரிந்து வரும். சோறு குறைந்தால் பொடி உதிரும். கூடினால் பூச்சு சுருங்கி விளிம்பில் தூக்கும். பொடி சரியாகச் சலிக்கப்படாவிட்டால் பருக்கைகள் தனித்து நின்று கறகறக்கும். கரணை மெலிந்துபோனால் நாதம் சிதறும். தடித்துப்போனால் ஓசை கனத்து, விரலுக்குப் பதில் சொல்ல மறுக்கும்.

காய்ந்தபின் கரணை கல் மாதிரி இறுகிவிடாதா? பிறகு தோல் எப்படி அதிரும்?

நல்ல கரணையைச் சாய்வான வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க மயிரிழை போன்ற விரிசல்கள் வலை மாதிரி பரவியிருக்கும். அது குறை அல்ல. கல்லால் தேய்க்கும்போதே ஒவ்வொரு பூச்சும் நுண்ணிய துண்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு துண்டும் தோலில் ஒட்டியிருக்கும், ஆனால் பக்கத்துத் துண்டோடு இறுகப் பிணைந்திருக்காது. அதனால் எடை முழுவதும் தோலில் நிற்கும். விறைப்பு மட்டும் சேராது. தோல் வளைய வேண்டிய இடத்தில் வளையும்.

விரிசல் இல்லாத ஒரே தகடாக அதே எடையை ஒட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. நடுப்பகுதி வளையாத தட்டாகிவிடும், மேலே சொன்ன கணக்கெல்லாம் குலைந்துவிடும். தேய்ப்பது மினுமினுப்புக்காக என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் கரணையின் உயிரே அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது.

இதற்குக் கணிதச் சூத்திரம் இருக்கிறதா?

இருக்கிறது. 1954-இல் பி.எஸ். ராமகிருஷ்ணா, மன்மோகன் சோந்தி இருவரும் வலந்தலையை இரண்டு அடர்த்தி கொண்ட ஒரே சவ்வாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். உள்வட்டம் கனமானது, வெளிவட்டம் லேசானது. உள்வட்டத்தின் ஆரம் முழுத்தோலின் ஆரத்தில் சுமார் 0.4 பங்காக இருக்கும்போது அதிர்வுகள் முழு எண்களுக்கு மிக நெருங்கி வந்தன. கைவினைஞர்கள் போடும் கரணையின் அகலமும் அதை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் உண்மையான கரணை படிக்கட்டு மாதிரி ஒரே இடத்தில் முடிவதில்லை, படிப்படியாக மெலிகிறது. 2009-இல் சென்னையில் சதேஜ், அதிகாரி இருவரும் அடர்த்தி சீராக மாறும் சவ்வை எடுத்துக்கொண்டு கணினியில் தீர்த்தார்கள். தபலாவின் இடக்கைக் கருவியில் கரணை நடுவை விட்டு விலகி இருக்குமே, அதையும் அந்த ஆய்வு சேர்த்துப் பார்த்தது.

தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை எதற்கு? அதற்கும் நிரந்தரக் கரணை போட்டால் என்ன?

வேலை ஒன்றுதான்: நடுவில் எடை வைத்து அதிர்வைத் தாழ்த்துவது. ஆனால் இடப்பக்கத்துக்குக் கும்கி என்னும் ஆழமான, குழைவான ஓசை வேண்டும். அதன் சுருதி வலந்தலைக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒத்துப் போக வேண்டும். வலந்தலையின் சுருதி கச்சேரிக்குக் கச்சேரி மாறும்போது இதையும் மாற்றியாக வேண்டும். எடையைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஈரப் பசையில்தான் உண்டு.

பம்பாய் ரவையைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். நெல்லிக்காய் அளவில் தொடங்குங்கள். தொப்பியின் நடுவைத் துணியால் லேசாக நனைத்துவிட்டு, உருண்டையை வைத்து வட்டமாக அழுத்துங்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு என்ற விதி இங்கேயும் பொருந்தும். தட்டிப் பாருங்கள். ஓசை மேலே நின்றால் ரவை சேருங்கள். குழம்பினால் கிள்ளி எடுங்கள். ரவை இறுகலாக இருந்தால் வாசிப்பின் நடுவே தெறிக்கும், தளர்ந்தால் வழுகும்.

கச்சேரி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் தோலைப் பிடித்து இழுத்து வெடிக்க வைக்கும். எலியும் கரப்பானும் தேடி வரும். சிலிகான் பசை போன்ற மாற்றுகளும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. காயாமல் இருப்பது அவற்றின் வசதி.

சுருதி சேர்க்கும்போது எதிரெதிர் இடங்களைத் தட்டுவது ஏன்?

(1,1) அதிர்வை நினைத்துப் பாருங்கள். ஒரு விட்டக் கோடு அசையாமல் நிற்கிறது. அந்தக் கோடு கிழக்கு மேற்காக இருக்கலாம், வடக்கு தெற்காகவும் இருக்கலாம். தோல் எங்கும் ஒரே இழுவையில் இருந்தால் இரண்டுக்கும் அதிர்வெண் ஒன்றே. ஒரு விட்டத்தில் மட்டும் இழுவை கூடியிருந்தால் அந்த ஒன்று இரண்டாகப் பிளந்துவிடும். 240, 243 என்று இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு மூன்று முறை நாதம் ஏறி இறங்கி அலையும். "நாதம் நிற்கவில்லை" என்று வித்வான்கள் சொல்வது பெரும்பாலும் இந்த அலைவைத்தான்.

இழுவை என்பது ஒரு புள்ளியின் சங்கதி அல்ல, ஒரு விட்டத்தின் சங்கதி. ஓரிடத்தில் தட்டினால் அதற்கு நேர் எதிரிடமும் மாறும். எதிரெதிராகச் சரிபார்க்கும் வழக்கம் இந்த இயற்பியலை அப்படியே பின்பற்றுகிறது.

செய்முறை இது. சுருதிப் பெட்டியையோ தம்புராவையோ ஒலிக்க விடுங்கள். "நம்" சொல்லை (ஒவ்வொரு வகை அடிக்கும் சொல் என்று பெயர்) மெதுவாக, வலந்தலையைச் சுற்றி ஒவ்வொரு கண்ணிலும், அதாவது வார் கோத்த ஒவ்வொரு இடத்துக்கு நேரேயும், வாசியுங்கள். எங்கே தாழ்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த இடத்தில், தோலின் விளிம்பைச் சுற்றியுள்ள பின்னலின் மேல் மரத்துண்டை வைத்து, கல்லால் தொப்பி நோக்கித் தட்டினால் சுருதி ஏறும். பின்னலின் கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் இரண்டு தட்டுக்கு மேல் வேண்டாம். எதிரிடத்தைக் கேளுங்கள், பிறகு குறுக்கு விட்டத்துக்குப் போங்கள். முதல் சுற்றில் பாதி வேலைதான் முடியும். தோல் தன்னைச் சமன் செய்துகொள்ள ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது சுற்றுப் போங்கள்.

தட்டு பின்னலில் விழாமல் மீட்டுத் தோலில் விழுந்தால் விளிம்பு கிழியும். சுருதியை அரைக் கட்டைக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் தட்டியே ஏற்றப் பார்க்காதீர்கள். வார் பிடிக்க வேண்டும், அதாவது இரண்டு பக்கத் தோல்களையும் இணைக்கும் வாரை இழுத்து இறுக்க வேண்டும். அது பழகிய கைகளின் வேலை.

விரல் தொடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. "நம்" வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டபடி இருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் விழுகிறது. தொட்ட இடம் அசைய முடியாது. அந்த இடத்தை ஆட்டியே தீர வேண்டிய அதிர்வுகள், முக்கியமாக அடிப்படை (0,1), அடங்கிவிடுகின்றன. அந்த இடத்தில் கணுக்கோடு உள்ள அதிர்வுகள் தப்பிப் பிழைத்து ஒலிக்கின்றன. சாப்பு என்னும் சொல்லில் தொட்டுப் பிடிக்கும் விரல் கிடையாது. ஆகவே வேறு கலவை எழுகிறது. ஒவ்வொரு சொல்லும் ஒன்பது அதிர்வுகளில் எதை விடுவது, எதை அடக்குவது என்ற தேர்வுதான். குரு "விரலை இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்று சொல்லும்போது திருத்துவது இந்தத் தேர்வைத்தான்.

ராமன் செய்த மணல் சோதனையை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். பழைய மிருதங்கத்தில் செய்யுங்கள். கச்சேரிக் கருவியில் வேண்டாம். மணல் மீட்டுக்கும் உள்தோலுக்கும் நடுவே புகுந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

மிருதங்கத்தை வலந்தலை மேலே வருமாறு, அசையாமல் நிமிர்த்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்து சலித்த ஆற்று மணலை ஒரு சிட்டிகை எடுத்து உயரத்திலிருந்து பரவலாகத் தூவுங்கள். ஒரு விரலால் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து கால்வட்டம் தள்ளி மற்றொரு விரலால் மென்மையாகத் தட்டுங்கள். தொட்ட இடத்தின் வழியாக ஒரு விட்டக் கோட்டில் மணல் சேரத் தொடங்கும். அது (1,1). தொடும் விரலையும் தட்டும் விரலையும் நெருக்கமாக, எட்டில் ஒரு வட்ட இடைவெளியில் வைத்தால் குறுக்கே வெட்டும் இரண்டு விட்டங்களைப் பெறலாம். பலமாக அடித்தால் எல்லா அதிர்வுகளும் ஒன்றாகக் கிளம்பி மணல் சிதறும். ஈர மணல் நகராது.

மணலுக்குப் பதில் கோலமாவு, முகப்பவுடர் போன்ற மெல்லிய பொடிகளைப் போடாதீர்கள். மெல்லிய பொடி அசையாத கோட்டில் சேராது. நேர் எதிராக, அதிகம் அசையும் இடத்தில் குவியும். தோலுக்கு மேலே எழும் சிறு காற்றோட்டங்கள் அதை அங்கே இழுத்துச் செல்கின்றன என்று 1831-இலேயே ஃபாரடே விளக்கினார்.

கைபேசியில் அளக்க முடியுமா?

ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்ற அலைமாலையை (spectrum) காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும். கைபேசியை வலந்தலையிலிருந்து சுமார் ஒரு அடி தள்ளி வையுங்கள். செயலியில் மாதிரிகளின் எண்ணிக்கையை 16384 என்று வையுங்கள். 44100 மாதிரி வேகத்தில் இது 2.7 ஹெர்ட்ஸ் துல்லியம் தரும். 4096 வைத்தால் துல்லியம் சுமார் 11 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பிளந்த (1,1) அதில் ஒன்றாகவே தெரியும். அதற்காக எண்ணிக்கையை மிகவும் கூட்டியும் பயனில்லை. மிருதங்க நாதம் அதற்குள் அடங்கிவிடும்.

அடி விழுந்த முதல் கணத்தில் தட்டல் சத்தம் கலந்திருக்கும். சற்றுத் தள்ளிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் சிகரங்களை முதல் சிகரத்தால் வகுங்கள். 2, 3, 4, 5 என்பவற்றிலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நின்றால் கரணை நல்ல நிலையில் இருக்கிறது. மூன்றாவது இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிகரங்கள் விலகி நின்றால் (0,2) மேலே ஏறிவிட்டது என்று பொருள். கரணை நடுவில் தேய்ந்திருக்கலாம் அல்லது உதிர்ந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல எண்கள் வந்த மிருதங்கமெல்லாம் நல்ல மிருதங்கம் ஆகிவிடாது. நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது, விரலுக்கு எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பவை இந்த எண்களில் வராது.

மழைக்காலத்தில் சுருதி இறங்குகிறது, ஏசி அரங்கில் ஏறுகிறது. ஏன்?

தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். உலர்ந்தால் சுருங்கி இழுத்துக்கொள்ளும், சுருதி ஏறும். ஏசி காற்று உலர்ந்தது. மேடை விளக்கின் சூடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து அரங்கக் காற்றில் வைத்து, பிறகு சேருங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கரணையின் விளிம்பு தூக்கும்.

பலாமரம்தான் வேண்டுமா?

பலா கனமானது, இறுக்கமானது, குடைந்தால் சுலபமாக வெடிக்காது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இந்தத் தொழிலில் நெடுநாள் மதிப்பு. ஒலியின் உயரத்தைத் தீர்மானிப்பது தோலும் கரணையும்தான். மரம் செய்வது, அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு வீணாக்காமல் இருப்பது. உள்ளே அடைபட்ட காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. (0,1) அதிர்வில் தோல் முழுதும் உள்ளே போகும்போது காற்று அமுங்கி மறுபக்கத் தோலைத் தள்ளுகிறது. (1,1)-இல் ஒரு பாதி உள்ளே, மறுபாதி வெளியே என்பதால் காற்று அமுங்குவதில்லை. தொப்பியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வலந்தலையை வாசித்துப் பாருங்கள். அடித்தள ஓசை மாறும், "நம்" அதிகம் மாறாது.

நீளம் சுருதியைப் பொறுத்தது. தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குலக் கட்டை, உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம் என்பது பொது வழக்கம். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் கண்ணாடியிழையில் மிருதங்கம் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறார். செயற்கைச் சவ்வு கொண்டவையும் கிடைக்கின்றன. ஈரத்துக்கு அசையாத சுருதி அவற்றின் பலம்.

குச்சி, கப்பி என்பவை?

மீட்டுக்கும் உள்தோலுக்கும் நடுவே செருகும் மெல்லிய ஈர்க்குத் துண்டுகள் குச்சி. அதே இடத்தில் சிறு கல் துணுக்குகள் போட்டால் கப்பி. தோல் இவற்றில் மெல்ல உரசும்போது நாதத்துக்கு ஒரு கூர்மை வருகிறது. தம்புராவில் ஜீவாளி நூல் செய்யும் வேலைக்கு நெருங்கியது இது. ஒரு குச்சி நழுவினால் அந்தக் கண்ணில் மட்டும் ஓசை மங்கும். சுருதி கலைந்துவிட்டது என்று எண்ணி அங்கே தட்டத் தொடங்குவது வழக்கமான பிழை. முதலில் குச்சியைப் பாருங்கள்.

வேறு மேளங்களில் இதே பிரச்சினைக்கு வேறு தீர்வு உண்டா?

மேற்கத்திய டிம்பனி. அதில் கரணை கிடையாது. பெரிய தோலின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் எடையே அதிர்வுகளைத் தாழ்த்துகிறது. (1,1), (2,1), (3,1) மூன்றும் ஏறத்தாழ 2:3:4 விகிதத்துக்கு வருகின்றன. அந்த அளவுக்குக் காற்று வேலை செய்ய வேண்டுமானால் தோல் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். ஏழு அங்குலத் தோலுக்கு அந்த வழி பயன்படாது. தவிலின் வலந்தலையில் கரணை இல்லை. அதன் வேலை வேறு. நாதசுரத்தோடு திறந்தவெளியில் ஒலிக்க வேண்டியது அது.

இவ்வளவு கணக்கையும் தெரிந்துகொண்டா கரணையை உண்டாக்கினார்கள்?

கரணையை முதலில் போட்டவர் யார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. சூத்திரம் 1954-இல் வந்தது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பே ஒரு பூச்சைக் கூட்டி, ஒரு பூச்சைக் குறைத்து, தட்டிக் கேட்டு, வேறு பொடியை அரைத்துப் பார்த்து யாரோ இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒன்றை மாற்று, விளைவைக் கேள், நல்லதை வைத்துக்கொள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடு. இது சோதனை முறையேதான். இதை "கைப்பழக்கம்" என்று ஒதுக்கிவிட்டு, சமன்பாடு எழுதியதை மட்டும் அறிவு என்று சொல்வது அநியாயம்.

தஞ்சாவூரிலும் பாலக்காட்டுப் பெருவெம்பாவிலும் சென்னையிலும் இந்த வேலையைச் செய்துவரும் குடும்பங்கள் உண்டு. மாட்டுத்தோலைத் தொட்டுப் பதப்படுத்தும் வேலை என்பதால் சாதியின் பெயரால் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்களில் பலர். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வித்வான் கேட்ட நாதத்தைத் தோலில் வரவழைத்த அறிவு பர்லாந்தினுடையது.

கரணையை எப்போது மாற்ற வேண்டும்?

விளிம்பு தூக்கி, விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால். கறுப்புப் பொடி உறையில் கொட்டிக்கிடந்தால். எல்லாக் கண்களும் சமமாக இருந்தும் நாதம் சேராமல் போனால். மயிரிழை விரிசலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பாளம் பாளமாகப் பிரியும் அகன்ற விரிசல்தான் கெட்டது. உதிர்ந்த இடத்தைப் பெவிகால், எம்-சீல் போன்றவற்றால் நீங்களே அடைக்காதீர்கள். அவை விறைப்பாக இறுகிவிடும். அடுத்த பூச்சும் அதன்மேல் பிடிக்காது. உள்தோல் நன்றாக இருந்தால் பழைய கரணையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். தோலே தளர்ந்திருந்தால் மூட்டோடு, அதாவது தோல்களும் பின்னலும் சேர்ந்த முழு அமைப்போடு, மாற்றுவதுதான் வழி. புதிய மூட்டு போட்டபின் முதல் சில நாட்கள் தோல் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி தானாக இறங்கும். தினமும் கொஞ்ச நேரம் வாசித்து, இரண்டு மூன்று முறை வார் பிடித்த பிறகே கச்சேரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.